கண் திறந்த ஜெபம்

"ஆமென்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்த மடிப்பக்கா, பதினோரு பேர் தன்னையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெபக்கூடத்தில் இருந்த இருநூறு பேரும் அப்போதுதான் கண்ணைத் திறந்து, மூக்கை உறிஞ்சி, மடியில் தூங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையின் இடது பக்கத்தில் இருந்த அந்தப் பதினோரு பேர் மட்டும் கண்ணை மூடியதாகவே தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பதினோரு பேருக்கும் காது கேட்காது. அவர்களுக்காகத்தான் அவள் போதகருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. முக்கால் மணி நேரம் தட்டுத் தடுமாறிச் சொல்லியும் முடித்துவிட்டாள். கடைசியில் போதகர், "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றார். பிறந்த நாளிலிருந்து கேட்டு ஊறிப்போன வார்த்தை. மடிப்பக்கா கையைக் கூப்பினாள், கண்ணை மூடினாள், உருக்கமாக ஜெபத்தில் கலந்துகொண்டாள். ஆறு நிமிஷம்.

காது கேட்காதவர்களுக்குக் கண்தான் காது. சொல்கிறவளின் கைதான் வாய். அவள் வாயையும் பூட்டிவிட்டுச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பதினோரு பேரில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன்தான் முதலில் கையைத் தூக்கினான். அவர்கள் கையால் பேசுவதை, நாம் வாயால் பேசுகிற மாதிரியே எழுதிவிடலாம், வேறு வழியில்லை.

"நீ மட்டும் உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டியே அக்கா. நாங்க எல்லாம் வெளிய நின்னுக்கிட்டு இருந்தோம்."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் நெட்டையன் என்கிறவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, அவளைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்கம்மா" என்றார் போதகர். அவரும்தானே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்!

அடுத்த மூன்று ஞாயிறும் மடிப்பக்கா ஜெபக்கூடத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு ஞாயிறு தலைவலி என்றாள். இன்னொரு ஞாயிறு கை சுளுக்கு என்றாள். மூன்றாவது ஞாயிறு காரணம் கேட்கவே யாரும் வரவில்லை. அது முதல் இரண்டையும்விட மோசமாக இருந்தது.

அவள் வேலை செய்தது அட்டைப்பெட்டி ஆலையில். பதினெட்டு வருஷமாக மடிப்பு மேசை. வெட்டி வருகிற அட்டையை நாலு பக்கமும் மடித்து, காதுகளை உள்ளே தள்ளி, ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி. அதனால்தான் மடிப்பக்கா. மழைக்காலத்தில் அந்த வேலை உயிரை வாங்கும். ஈரக்காற்றைக் குடித்த அட்டை சொன்ன பேச்சுக் கேட்காது. மடிக்கிற இடத்தில் மடியாமல் அதற்கு இஷ்டப்பட்ட இடத்தில் மடியும். பசை காயாது. பத்து பெட்டிக்கு மூன்று பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

மடிப்பு மேசைக்கு அந்தப் பக்கம் எந்திரக்கூடம். அங்கே வேலை செய்த இருபது பேரில் பாதிக்கு மேல் காது கேட்காதவர்கள். முதலாளி தர்ம சிந்தனையில் அவர்களை வைத்திருக்கிறார் என்று வெளியே பேச்சு. உள்விஷயம் வேறு. வெட்டு எந்திரம் போடுகிற சத்தத்தில் காது கேட்கிறவன் ஆறு மாசம் தாக்குப்பிடிப்பதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்திவிட்டு ஓடிப்போவான். இவர்களோ அந்த இரைச்சலுக்கு நடுவில், கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வம்பு பேசிக்கொண்டு, ஜோக்கடித்துச் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் ஊமை என்றால் அது வாயால் பேசத் தெரிந்தவன்தான்.

மடிப்பக்காவுக்கு அந்தப் பேச்சு தண்ணி பட்ட பாடு. தம்பியோடு வளர்ந்தவள். வீட்டில் அக்காவும் தம்பியும் தாங்களாகக் கட்டிய பேச்சு பாதி, எந்திரக்கூடத்தில் கற்றது பாதி. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது; ஆளுக்கு ஓர் அடையாளம். மேற்பார்வையாளருக்குத் தொப்பை. நெட்டையனுக்குத் தலைக்கு மேல் ஒரு வீச்சு. பசை ஒட்டும் பகுதியில் இருந்த, அவளும் காது கேட்காத பெண்ணுக்குக் கன்னத்தில் ஒரு விரல், ஏனென்றால் சிரித்தால் அங்கே குழி விழும். கன்னக்குழிக்கு மாத்திரம் தம்பி அந்த அடையாளத்தைக் காட்டுகிறபோது விரல் கன்னத்தில் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது. அதை மடிப்பக்கா ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஜெபக்கூடத்து விஷயம் ஆரம்பமானது நெட்டையனால். தம்பி கூப்பிட்டான் என்று ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தான். மறுநாள் டீ நேரத்தில் மடிப்பு மேசைக்கு வந்து கேட்டான்.

"அங்க முன்னாடி நிக்கிற ஆளு ஒரு மணி நேரம் வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு. எல்லாரும் அழறாங்க. அப்புறம் சிரிக்கிறாங்க. அப்படி என்னதான் சொல்றாரு?"

மடிப்பக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்வி நெட்டையன் கேட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்குப் பின்னால், அவனைவிட உயரமான யாரோ நின்று கேட்டதாகத் தோன்றியது. முப்பது வருஷமாகத் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் ஜெபக்கூடம் போய் வருகிறாள். ஒரு நாளாவது அவனுக்குச் சொல்லியிருக்கிறாளா? வீட்டுக்கு வந்து, 'நல்லவனா இருக்கணுமாம்' என்று ரெண்டு வரியில் முடித்துவிடுவாள். இவ்வளவு நாள் இந்தக் கைகள் எதற்குக் கொடுக்கப்பட்டன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளே போய்ப் போதகரிடம் கேட்டாள். அவளேதான் ஏறி நின்றாள். அப்புறம் நடந்ததுதான் அந்த ஆறு நிமிஷம்.

நாலாவது வாரம், அடைமழை. தம்பி எந்திரத்தை நிறுத்திவிட்டு நேராக மடிப்பு மேசைக்கு வந்தான்.

"தேதி வச்சாச்சு. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை. ஜெபக்கூடத்துல. கன்னக்குழியோட அப்பா சரின்னுட்டாரு."

மடிப்பக்கா பெட்டியைப் போட்டுவிட்டு அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள்.

"நீதான் நிக்கணும்" என்றான்.

"நிக்காம? மாப்பிள்ளையோட அக்கா நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

"அங்க இல்ல. போதகர் பக்கத்துல. எங்க ரெண்டு பேருக்கும் நீதான் சொல்லணும்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு வேகவேகமாக ஆடியது.

"என்னால முடியாதுடா. பாத்தல்ல அன்னிக்கு? ஊரே சிரிச்சுச்சு."

"ஊரு சிரிக்கல. நாங்க சிரிச்சோம். நாங்க தெனமும்தான் சிரிக்கிறோம் உன்னைப் பாத்து."

"வெளையாடாத. கல்யாண வாக்குடா அது. நான் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி வச்சேன்னா?"

"எங்க கூட்டாளி ஒருத்தன் கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? 'தலையாட்டு'ன்னு மாமா பின்னாலேருந்து முதுகுல குத்தினாரு. அவன் தலையாட்டினான். எதுக்கு ஆட்டினான்னு இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. நான் அப்படி ஆட்ட மாட்டேன். நீ நிக்கலேன்னா ஜெபக்கூடம் வேண்டாம். ரெஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்."

தொப்பை வருகிறார் என்று யாரோ தூரத்திலிருந்து வயிற்றைத் தடவிக் காட்டவே, தம்பி எந்திரத்துக்கு ஓடினான். மடிப்பக்கா அன்றைக்கு மடித்த பெட்டிகளில் பாதி திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் மழையைக் காரணம் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் அந்தப் பேச்சுதான். வீடு என்றால் இரண்டு அறை. முன் அறையில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மடிப்பக்காவின் கணவர் சலூன்காரர், கடையிலிருந்து வந்த கையோடு சட்டையில் ஒட்டிய அடுத்தவர் முடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பேச்சில் அவருக்கு ஈடு கிடையாது. முடி வெட்ட வந்தவன் சொந்தக் கதையையும் விட்டுவிட்டுத்தான் போவான்.

"ரெஜிஸ்தர் ஆபீசா?" என்றாள் அம்மா. கத்தி பாதி பீன்சில் நின்றது. "ஆண்டவர் சந்நிதியில வைக்காத கல்யாணம் என்னடி கல்யாணம்? நான் எதுக்கு உசுரோட இருக்கேன்?"

"அதை உன் மகன்கிட்ட சொல்லும்மா."

"அவன்கிட்ட சொல்லணும்னாலும் நீதானடி சொல்லணும்! எனக்கு எங்க உன்னை மாதிரி வருது?"

சலூன்காரர் சிரித்தார். "கேட்டியா? வீட்டுக்குள்ளயே உன்னை விட்டா ஆள் இல்ல. நீ என்னடான்னா பெரிய சபைக்கு நான் லாயக்கில்லேங்கிற."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு என்ன, கண்ணாடியப் பாத்து நாள் பூராப் பேசுவீங்க. எதிர்ல உக்காந்திருக்கிறவன் கழுத்துல கத்தி இருக்கு, அவன் எழுந்தும் போக முடியாது."

"அடேங்கப்பா! வாயில்லாத பூச்சி பேசுற பேச்சைப் பாருங்க அத்தை."

"நான் நெசமாத்தான் சொல்றேன். எனக்கு என்ன தெரியும்? எந்தப் பள்ளிக்கூடத்துல இதைப் படிச்சேன்? 'கிருபை'ங்கிறாரு போதகர். கிருபைக்கு எங்க கையில வார்த்தை கெடையாதுங்க! நானும் தம்பியும் சோறு, தண்ணி, அடி, ஓடு, இத வச்சு வளந்தவங்க. அவரு கிருபைன்னதும் எனக்குக் கை அந்தரத்துல நிக்குது. அதுக்குள்ள அவரு அடுத்த மலை ஏறிப் போயிட்டாரு."

"சரி, அப்புறம் என்ன பண்ணினே?"

"என்னத்தப் பண்ணினேன்... தப்புப் பண்ணினவனுக்கு அம்மா அடிக்காம சோறு போடுறா மாதிரின்னு காட்டினேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சலூன்காரர் முடி தட்டுவதை நிறுத்தினார்.

"அது சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"சரியா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதானே சொல்றேன்! ஆண்டவர் குடுத்த வேலைன்னு நெனச்சு ஏறினேன். அவரு குடுத்திருந்தா கையும் காலும் உதறுமா? ஆறு நிமிஷம் மரம் மாதிரி நிப்பேனா? அவரு குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன். அதுதான் இப்படி ஆயிடுச்சு."

"ஏன்டி, குடுத்தவரு தெம்பையும் குடுப்பாருடி."

"குடுக்கட்டும்! நான் வேணாம்னா சொன்னேன்? ஒரு மாசமாக் கேக்குறேன். காலையில கேக்குறேன், பஸ்ஸுல கேக்குறேன், மேசையில கேக்குறேன். தெம்பு வந்தா நிக்கிறேன்னு சொல்லிட்டேன். வந்தபாடில்ல."

அம்மா மீதி பீன்சை நறுக்காமல் முறித்தே போட்டாள். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மடிப்பக்கா சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே முறையாகப் படித்த டீச்சர் ஒருத்தி இருந்தாள். நீள விரல்கள். அவள் கை அசைத்தால் பூ விரிகிற மாதிரி இருந்தது. கிருபைக்கு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டாள் மடிப்பக்கா. டீச்சர் அலட்டிக்கொள்ளாமல் ஓர் அசைவு காட்டினாள். அவ்வளவுதான், இவளுக்கு நிம்மதி வந்துவிட்டது. கல்யாணத்தன்று வந்து நிற்பதாக டீச்சரும் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் வெட்டு எந்திரத்துக்குப் பக்கத்தில் போய்த் தம்பியிடம் சொன்னாள், பரிசு கொண்டுவந்தவள் மாதிரி.

தம்பியின் முகம் மாறியது. "யாரு அவங்க?"

"படிச்சவங்கடா. சர்ட்டிபிகேட் வச்சிருக்காங்க. கையெல்லாம் அவ்வளவு அழகு."

"அழகு எனக்கு எதுக்கு? கன்னக்குழி பள்ளிக்கூடம் போனதில்ல. நெட்டையன் போனதில்ல. அவங்க பேச்சுல பாதி எங்களுக்கே புரியாது."

"பழகிக்கலாம்டா. பத்து நிமிஷம்தானே."

"எனக்கு அப்பா செத்தத யாரு சொன்னா?"

தரையைப் பார்த்த மடிப்பக்காவின் முகவாயை நிமிர்த்திவிட்டு அவன் தொடர்ந்தான்.

"எனக்கு எட்டு வயசு. வீடு நெறைய ஆளு. எல்லாரும் என்னப் பாத்து வாயப் பொத்திக்கிட்டாங்க. நீ மட்டும்தான் குனிஞ்சு சொன்னே. அப்ப உனக்குச் சாவுக்கு வார்த்தை தெரியுமா? நீயா ஒண்ணு கண்டுபிடிச்சே. இப்ப கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு ஆள் புடிக்கிறியா?"

"டேய், நான் உன் நல்லதுக்குத்தான்..."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நம்மில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும், எதிராளி சொல்வது காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். இது அப்படி இல்லை. அவன் கண்ணை மூடினால் அவனிடம் பேச உலகத்தில் வழியே கிடையாது. மடிப்பக்கா அவன் தோளைத் தட்டினாள், உலுக்கினாள். எந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் மூடிய கண்ணோடு நின்றான். அந்தப் பக்கம் பத்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் அவமானத்தோடு மடிப்பு மேசைக்குத் திரும்பினாள்.

இரண்டு வாரம் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டு அடுக்கிலிருந்து தட்டெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மா இருவருக்கும் நடுவில் அழுதாள். சலூன்காரர் ஜோக் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ரெஜிஸ்தர் ஆபீசில் விண்ணப்பம் வாங்கி வந்து தம்பி அலமாரியில் வைத்திருப்பதை மடிப்பக்கா துணி அடுக்கும்போது பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை டீ நேரம். நெட்டையன் மடிப்பு மேசைக்கு வந்து நின்றான். ஜெபக்கூடத்தை விட்டு அன்று எழுந்து போனவன் அவளிடம் அப்புறம் பேசியதே இல்லை.

"இந்த ஞாயிறாவது வருவியா?" என்றான்.

"எதுக்கு? நீதான் அன்னிக்கு எழுந்து போயிட்டியே."

"அன்னிக்குக் கோவம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

மடிப்பக்கா நம்பவில்லை. "எங்க உக்காந்தே?"

"அதே எடத்துல. முன்வரிசை. நீ தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒண்ணும் புரியாம ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணினே?"

"போதகரோட செருப்பப் பாத்தேன். ஃபேன் எத்தனை சுத்துச் சுத்துதுன்னு பாத்தேன். நீ ஏறி வருவியான்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த முக்கால் மணி நேரம் நீ சொன்னதுல, தப்புப் பண்ணினவனுக்கு அம்மா சோறு போட்டாளே, அந்தக் கதை மிச்சம் என்னாச்சு? எனக்கு அதுக்கப்புறம் தெரியணும்" என்றான்.

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மடிப்பக்கா எழுந்து அட்டை அடுக்கி வைத்திருந்த கிடங்குக்குள் போனாள். ஆள் உயரத்துக்கு அடுக்கு. ஈர அட்டையின் புளித்த வாடை. அங்கே நின்றுகொண்டு வழக்கம்போலக் கையைக் கூப்பினாள். அன்றைக்கு வந்தது ஜெபமா சண்டையா என்று சொல்வது கஷ்டம்.

"ஆண்டவரே, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? நல்ல நல்ல கையா எத்தனை படைச்சிருக்கீங்க! அந்த டீச்சர் கையப் பாருங்க. அத விட்டுட்டு இந்த வெடிச்ச கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. ஒண்ணரை மாசமாத் தெம்பு குடுங்கன்னு கேக்குறேன். காது கேக்கலையா உங்களுக்கும்?"

வெளியே மழை. எந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஒன்றும் மாறவில்லை. பயம் அப்படியே இருந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஏமாந்துபோன ஆத்திரம். அந்த ஆத்திரத்திலேயே ஒன்று உறைத்தது: தெம்பு வந்தபிறகு நிற்பதென்றால் அதற்கு அவர் எதற்கு? அவளே போதுமே! அவளிடம் இல்லை என்பதனால்தானே அவரிடம் கேட்பது? அவளிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதானே கூப்பிட்டார்?

"சரி" என்றாள் சத்தமாக. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நல்லாப் பாத்துக்குங்க, ஒண்ணுமே இல்ல. நாளைக்கு ஏறி நிக்கிறேன். நீங்க அங்க இருங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் சேந்துதான் அவமானப்படணும்."

டீச்சருக்கு ஃபோன் போட்டாள். "என்னங்க இது, கடைசி நேரத்துல! நான் புடவையெல்லாம் எடுத்து வச்சிட்டேன்" என்று டீச்சர் எரிந்து விழுந்தாள். மடிப்பக்கா மன்னிப்புக் கேட்டாள். கிருபைக்கான, பாதி மறந்துபோன அந்த அசைவை மட்டும் வாயாலேயே விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஃபோனில் அது விளங்கவில்லை.

பிறகு தம்பி முன்னால் போய் நின்றாள். அவன் தலையைத் திருப்பினான். அந்தப் பக்கம் போய் நின்றாள். அவன் இந்தப் பக்கம் திருப்பினான். எந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தாக வேண்டியதாயிற்று.

"நான் நிக்கிறேன்" என்றாள். "தப்பு வந்துச்சுன்னா கேக்கக் கூடாது."

"கேப்பேன்" என்றான் தம்பி. "சிரிப்பேன்." ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை ஜெபக்கூடம் நிறைந்திருந்தது. எந்திரக்கூடத்து ஆட்கள் இரண்டு வரிசை. மறுபக்கம் கன்னக்குழியின் ஆட்கள்; அவர்களுக்கு நடுவில் அவளுடைய அப்பா, விறைப்பான புதுச் சட்டையில். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள். நல்ல மனிதர், ஆனால் மகளோடு அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. பசிக்கிறதா என்பதற்கு வயிற்றைக் காட்டுவார், வெளியே போகாதே என்பதற்குக் கதவைக் காட்டுவார். மீதிக்கெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம், "அவகிட்டச் சொல்லுங்க" என்பார்.

மடிப்பக்கா ஏறி நின்றாள். பயம் போகவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போதகர் ஆரம்பித்தார், வழக்கம்போல மலைச்சரிவில் உருளுகிற பாறை மாதிரி. மூன்றாவது வரியிலேயே அவள் பின்தங்கிவிட்டாள். முன்பு என்றால் விட்டுப்போன வரியை விழுங்கியிருப்பாள்.

"போதகரே, கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

சபை மூச்சை இழுத்தது. இருபது வருஷத்தில் அவரை யாரும் நிறுத்தியதில்லை. "என்னம்மா?" என்றார்.

"'சுகத்திலும் துக்கத்திலும்'னீங்க. அவங்களுக்கு அது என்ன மாதிரித் துக்கம்னு தெரியணும். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

போதகருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தார். "சரி... உடம்புக்கு முடியாமப் போனா" என்றார். அவள் சொன்னாள். "வேலை போயிட்டா." சொன்னாள். "ஒருத்தர்மேல ஒருத்தருக்குக் கோவம் வந்து, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா." அதையும் சொன்னாள். தம்பி அக்காவைப் பார்த்து ஒரு கணம் தலை குனிந்தான். பிறகு கன்னக்குழியைப் பார்த்து, 'அப்பவும் இருப்பேன்' என்று கையை நெஞ்சில் வைத்தான். அவன் முதுகில் யாரும் குத்தவில்லை.

ஜெபம் வந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். மடிப்பக்கா மூடவில்லை. ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லி, அழித்து, திரும்பச் சொன்னாள். நெட்டையன் உதட்டைச் சுழித்து, 'பரவால்ல, போ' என்றான்.

எல்லாம் முடிந்தது என்று அவள் இறங்கப் போனபோது, போதகர் கன்னக்குழியின் அப்பாவைப் பார்த்து, "பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அவர் எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை. மடிப்பக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கணும்னு அவகிட்டச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

மடிப்பக்கா சொன்னாள். கன்னக்குழி உடனே கையைத் தூக்கினாள். "நானும் அப்பாகிட்டப் பேசணும். நீ வாயால சொல்லு" என்றாள்.

மடிப்பக்கா இதற்குத் தயாராக வரவில்லை. வாயைக் கையாக்கத்தான் இத்தனை நாள் பயந்து செத்தாள். கையை வாயாக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அதற்குள் கன்னக்குழியின் கைகள் புறப்பட்டுவிட்டன. நிதானமாக, ஒவ்வொன்றாக. இதை எப்படிக் கல்யாண வீட்டில் சொல்வது? எந்திரக்கூடத்து இரண்டு வரிசையும் அசையாமல் இருந்தது, அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அம்மா என்ன என்று கேட்பதுபோல முகவாயைத் தூக்கினாள். 'நன்றி அப்பா' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

'நீங்க அங்க இருங்க' என்று அவள் மனசுக்குள் சொன்னாள். வேறு ஜெபம் எதுவும் வரவில்லை. வாயைத் திறந்தாள்.

"அப்பா. உங்க பஸ்ஸுல எத்தனை ஆயிரம் பேரு ஏறி எறங்கினாங்க. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பீங்க. எனக்கு இருபத்தாறு வயசு ஆச்சு. என்னோட வார்த்தையில ஒண்ணுகூட நீங்க கத்துக்கல. சோறு போட்டீங்க, துணி வாங்கிக் குடுத்தீங்க, காய்ச்சல் வந்தா ராத்திரி பூரா முழிச்சிருந்தீங்க. ஆனா பேசல. இன்னைக்கு நான் வேற வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி கேக்குறேன். ஏன்பா?"

கன்னக்குழியின் சித்தப்பா யாரோ, "இது என்ன இப்ப..." என்று முனகினார். அப்பாவின் முகம் சிவந்தது. அவர் மடிப்பக்காவிடம்தான் கேட்டார்.

"என்னம்மா இது? நீ சொல்றியா, அவ சொல்றாளா?"

"அவதான் கேக்குறா."

"நான் என்னத்தச் சொல்றது? நீயே ஏதாவது நல்லதாச் சொல்லிடேன்மா."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பாள். "என்னைப் பாக்காதீங்க" என்றாள். "நான் இங்க இல்லேன்னு வச்சுக்குங்க. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. என்ன சொல்றீங்களோ அது அப்படியே போகும்."

அவர் மெதுவாகத் திரும்பினார். மகளின் முகத்தை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மடிப்பக்கா கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"பயம்மா" என்றார் அவர். குரல் உடைந்து வந்தது. "கத்துக்கணும்னு நெனப்பேன். கையத் தூக்குவேன். தப்பாப் பண்ணி, நீ சிரிச்சிட்டா... இல்ல, உன் மனசு நோகுற மாதிரி வேற எதையாவது காட்டிட்டா... நமக்கெல்லாம் இது வராதுன்னு விட்டுட்டேன். விட்டுட்டு விட்டுட்டு, இத்தனை வருஷம் ஆயிடுச்சு."

மடிப்பக்கா அதைச் சொன்னாள். அந்த வாக்கியத்துக்கு அவள் வார்த்தை தேடவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போயிற்று, ஒரு இடத்திலும் தடுக்காமல்.

கன்னக்குழி அதைப் பார்த்து முடித்து, அப்பாவைப் பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே அவளுடைய கன்னத்தில் குழி விழுந்தது. கையை உயர்த்தி, சின்னதாக ஓர் அசைவு அசைத்தாள்.

அதை மடிப்பக்கா சபை முழுக்கக் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னாள்:

"தப்பாவே பண்ணுங்கப்பா."